ஓய்வுக்காலமும் பெரிய வருத்தமும்: மருத்துவக் காப்புறுதி பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

60 வயதை எட்டியவர்கள் அல்லது எட்டப்போகிறவர்களுக்கான பக்கம் இது. நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் என்று ஏதோ ஒன்று ஏற்கனவே கிளினிக் கொப்பியில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். நோயில்லாத 35 வயதுக்காரருக்கு இதில் பாதி பொருந்தாது. கணக்குகளில் வரும் ரூபாக்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் பொலிசியில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

நோய் ஏற்கனவே இருக்கிறது. 62 வயதில் புதிதாக மருத்துவக் காப்புறுதி கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் எந்த நோய்க்காகத் தேடுகிறீர்களோ அந்த நோய்க்குக் கிடைப்பது அரிது. விண்ணப்பத்தைப் பார்த்த கம்பனி நான்கில் ஒரு பதிலைத் தரும்: மேலதிகக் கட்டணத்தோடு ஏற்கும், அந்த நோயை மட்டும் விலக்கிவிட்டு ஏற்கும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வரச்சொல்லும், அல்லது முடியாது என்று சொல்லும். அண்மையில் பைபாஸ் செய்தவருக்கும் கீமோ முடித்தவருக்கும் பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது பதில்தான்.

இரண்டாவது பதில் வந்தால் சந்தோஷப்பட முன் விலக்கு எழுதப்பட்டுள்ள வாசகத்தைப் பாருங்கள். 'நீரிழிவு விலக்கு' என்பது ஒன்று. 'நீரிழிவும் அதனோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடைய அனைத்தும் விலக்கு' என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவது வாசகத்தின் கீழ் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கண்ணின் விழித்திரைப் பாதிப்பு, காலில் ஆறாத புண் எல்லாவற்றையும் 'தொடர்புடையது' என்று தள்ளலாம். 60 வயது தாண்டிய நீரிழிவுக்காரர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்காகத்தான் படுப்பார். மிச்சம் டெங்குவும் எலும்பு முறிவும். அவற்றுக்காக அந்தக் கட்டணம் கட்டுவது தகுமா என்று யோசியுங்கள்.

இங்கே பேரம் பேச இடமுண்டு. கடைசி மூன்று எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சீனி அளவு) அறிக்கைகள், கிரியற்றினின் (சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைக் காட்டுவது) அளவு, இதயத்துக்கான ஈசிஜி, எக்கோ ஆகியவற்றை விண்ணப்பத்தோடு கொடுத்து, விலக்கைக் குறிப்பிட்ட நோய்களோடு நிறுத்தி எழுதித் தரும்படி கேளுங்கள். எல்லோரும் இணங்கமாட்டார்கள். கேட்காதவருக்கு எப்படியும் அகன்ற வாசகம்தான் வரும்.

ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

செய்யவேண்டியதில் முக்கால்வாசி இந்த ஆறு மாதத்துக்குள்தான். தனியார் கம்பனியின் குழுக் காப்புறுதி பெரும்பாலும் பழைய நோய்களையும் சேர்த்தே காக்கும். வேலை முடியும் நாளோடு அது போய்விடும். ஆகவே கற்றரக்ட், ஹேர்னியா, அஞ்சியோகிராம் என்று 'பிறகு பார்ப்போம்' எனத் தள்ளிவைத்தவற்றை டொக்டரிடம் கேட்டு முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை: காப்புறுதி முடியும் சரியான திகதி எது (கடைசி வேலை நாளா, மாத முடிவா, பொலிசி ஆண்டு முடிவா), ஓய்வு பெற்றவர்கள் தாங்களே பணம் கட்டித் தொடர வழி உண்டா, அதே காப்புறுதிக் கம்பனியில் தனிநபர் பொலிசிக்கு மாறினால் மருத்துவப் பரிசோதனையும் காத்திருப்புக் காலமும் (பொலிசி எடுத்தபின் பழைய நோய்க்குக் காப்பு தொடங்கும்வரை பொறுக்கவேண்டிய காலம்) தள்ளுபடியாகுமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல காப்புறுதி. வாய்மொழியாக ஏற்காமல் கடிதமாக வாங்குங்கள். கூடவே, எந்த ஆண்டிலிருந்து காப்புறுதியில் இருந்தீர்கள், என்னென்ன கிளெயிம் எடுத்தீர்கள் என்ற கடிதமும் வேண்டும். புதிய கம்பனி அதை மதிக்கவேண்டிய கட்டாயமில்லை, ஆனால் வெறும் கையோடு போவதைவிட மேல்.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் (ஈடிஎப்) மருத்துவ உதவிகள் பணியில் உள்ள உறுப்பினருக்கானவை. இதய சத்திரசிகிச்சை போன்றது முன்னால் நிற்கிறது என்றால், நிதியத்தில் சேர்ந்த உங்கள் பணத்தை மீளப்பெற விண்ணப்பிக்கும் முன் அந்த உதவிக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். ஓய்வு பெற்ற கையோடு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள்தான் அதிகம்.

அரச ஓய்வூதியருக்கு அக்ரஹார தொடருமா?

தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அரச ஊழியருக்காக நடத்தும் மருத்துவக் காப்புறுதியான அக்ரஹார, சேவையில் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி ஓய்வூதியர்களுக்கும் உண்டு. தகுதி நீங்கள் ஓய்வு பெற்ற திகதியைப் பொறுத்து மாறலாம். சேவையிலிருந்தபோது இருந்த சாதாரண, வெள்ளி, தங்கத் திட்டம் அப்படியே தானாகத் தொடரும் என்று நினைக்கவேண்டாம். உங்கள் ஓய்வூதியத்தைக் கையாளும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் எந்தத் திட்டம், எத்தனை வயது வரை, துணைவருக்கும் உண்டா என்று கேளுங்கள். ஓய்வூதியச் சீட்டில் சந்தா கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கழிக்கப்படாத மாதத்தில் காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருப்பதுதான் வழக்கமான சிக்கல்.

நோயுள்ளவருக்கு இது பெரிய சொத்து. தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள்.

15 வருடமாகக் கட்டும் ஆயுள் காப்புறுதியில் வைத்தியசாலைச் செலவுக்கான ரைடர் (பிரதான பொலிசியோடு சேர்த்து எடுத்த துணைக் காப்பு) இருக்கிறது. கட்டணம் கூடிவிட்டது. நிறுத்தலாமா?

நிறுத்தவேண்டாம். நோய் வருவதற்கு முன் எடுத்த காப்பு அது. இன்று அதே காப்பு உங்களுக்கு எந்த விலைக்கும் கிடைக்காது. மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ரைடர் எந்த வயதில் முடிகிறது. பிரதான பொலிசி 70 வரை ஓடும்போது ரைடர் 60 அல்லது 65 இல் முடிந்துவிடலாம். இரண்டு, தவணை தவறினால் எத்தனை நாள் சலுகை. மூன்று, காலாவதியானதைப் புதுப்பிக்க என்ன கேட்பார்கள். அங்கேதான் வினை. புதுப்பிக்கும்போது உடல்நலப் பிரகடனம் புதிதாகக் கேட்பார்கள், இடையில் வந்த நோயை அதில் எழுதவேண்டிவரும், ரைடர் போய்விடும். மாதக் கட்டணத்தை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்புவார் என்று விடாமல், உள்ளூர் வங்கிக் கணக்கில் நிலையான கட்டளை போட்டு, அந்தக் கணக்கில் எப்போதும் மூன்று மாதக் கட்டணம் கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

'சீனி வருத்தத்தை எழுதவேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று முகவர் சொல்கிறார்.

பிறகு பார்க்கப்போவது கிளெயிமைப் பரிசீலிப்பவர், முகவர் அல்ல. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. தெரிந்த முக்கிய விபரத்தை மறைத்தால் கிளெயிமை மறுப்பதற்கும் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்வதற்கும் அது காரணமாகும்.

மறைத்தது எப்படிப் பிடிபடுகிறது? ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது இளம் வைத்தியர் 'எவ்வளவு காலமாக டயபிடிஸ்?' என்று கேட்பார். பயத்தில் இருக்கும் மனைவி 'பத்து வருசம் இருக்கும் டொக்டர்' என்பார். அந்தப் பத்து வருடம் படுக்கைத் தலைமாட்டு அட்டையில் ஏறி, அங்கிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டுக்கு வந்து, கிளெயிமோடு கம்பனிக்குப் போகும். உங்கள் முன்மொழிவுப் படிவத்தில் 'இல்லை' என்று இருக்கும்.

உண்மை சொன்னவரையும் இதே அட்டை மாட்டிவிடலாம். பொலிசி எடுத்து ஐந்து வருடம், நோய் கண்டு நான்கு வருடம் என்றால், உத்தேசமாகச் சொன்ன 'பத்து' உங்களை மறைத்தவர் ஆக்கிவிடும். ஒவ்வொரு நோயும் முதலில் கண்டறியப்பட்ட மாதத்தையும் வருடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். அனுமதிக்கும்போது வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே நீட்டுங்கள். டயக்னோசிஸ் கார்டை வோர்டை விட்டு வெளியேற முன் வாசியுங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்துவது இலகு, இரண்டு வாரம் கழித்து எழுதியவரைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள். முகவர் நிரப்பினால் வெற்று இடம் எதுவும் இல்லாதபடி பார்த்துக் கையெழுத்திட்டு, முழுப் படிவத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

10 இலட்சம் காப்பு என்றால் 10 இலட்சமும் கிடைக்குமா?

முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள தொகை மேல் எல்லை மட்டுமே. அதற்குள்ளே சின்னச் சின்ன எல்லைகள் இருக்கும். ஒரு தடவைக்கு 3 இலட்சம் என்று நிகழ்வு எல்லை இருந்தால், ஒரு பைபாஸுக்கு உங்கள் 10 இலட்சம் வெறும் 3 இலட்சம்தான். அறை வாடகை எல்லை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சில பொலிசிகளில், எல்லைக்கு மேற்பட்ட அறையை எடுத்தால் வாடகை மட்டுமல்ல, முழுப் பில்லும் அதே விகிதத்தில் குறைக்கப்படும்.

எல்லை நாளுக்கு 15,000 ரூபா. நீங்கள் 25,000 ரூபா அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். வாடகை 1 இலட்சம், மற்றச் செலவு 6 இலட்சம், மொத்தம் 7 இலட்சம். விகிதம் 60 வீதம், ஆகவே கம்பனி தருவது 4,20,000, உங்கள் கையிலிருந்து 2,80,000. அதே சிகிச்சைக்கு 15,000 ரூபா அறை எடுத்திருந்தால் பில் 6,60,000, அது முழுவதும் காப்புக்குள் அடங்கும். நாலு நாள் நல்ல அறைக்கு மேலதிகமாகக் கொடுத்தது 40,000 ரூபா என்று நினைப்பீர்கள். உண்மையில் கொடுத்தது 2,80,000. மேற்படிப் பொலிசியில் மூத்தோருக்கான 20 வீத இணைச்செலுத்தல் (பில்லில் நீங்களே கட்டவேண்டிய பங்கு) இருந்தால், எல்லைக்குட்பட்ட அறையை எடுத்தாலும் 1,32,000 உங்கள் பங்கு.

ஆஸ்பத்திரியில் சேர முன்னரே அறை வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மகன் எல்லையை நினைவில் வைத்திருக்கமாட்டார். காப்புறுதி அட்டையின் பின்புறம் எல்லைத் தொகையை மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டயலிசிஸ், கீமோ ஆகியவை அடங்குமா?

பல பொலிசிகள் '24 மணி நேரம் தங்கிச் சிகிச்சை' என்று நிபந்தனை வைத்திருக்கும். டயலிசிஸ் நான்கு மணி நேரம். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு. ஆகவே 'பகல்நேரச் சிகிச்சை' பட்டியலில் டயலிசிஸ், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் பெயர் சொல்லி இருக்கவேண்டும். இல்லையென்றால் கிடையாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் கணக்குப் பாருங்கள். வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 தடவை. வருடக் காப்பு 10 இலட்சத்தை 156 ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு 6,410 ரூபா. வேறெந்தச் சிகிச்சைக்கும் ஒரு சதம் மிஞ்சாது. நீங்கள் விசாரித்த இடத்தில் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டு இதோடு ஒப்பிடுங்கள். நீண்டகால டயலிசிஸைக் காப்புறுதியால் ஓட்டமுடியாது என்பது பெரும்பாலும் அப்போது புரிந்துவிடும். அரச வைத்தியசாலையில் பதிந்து இடத்துக்குக் காத்திருக்கும் வேலையை முதல் நாளே தொடங்குவதுதான் வழி.

பாரதூரமான நோய்க் காப்பு என்று மொத்தமாகப் பணம் தருவதை எடுக்கலாமா?

கண்டறியப்பட்ட நோய்க்கு இனி எடுக்கமுடியாது. வேறு நோய்க்காக எடுப்பதானால் வரைவிலக்கணத்தை வாசியுங்கள். ஆரம்ப நிலையில், இடம்விட்டுப் பரவாத புற்றுநோய் பெரும்பாலும் சேராது. மாரடைப்பு என்றால் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) உயர்வும் ஈசிஜி மாற்றமும் அறிக்கையில் இருக்கவேண்டும். நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் சேரும், ஸ்டென்ட் வைத்தல் சேராது அல்லது ஒரு பங்கு மட்டும் சேரும். நோய் கண்டறிந்த பின் குறித்த நாட்கள் உயிரோடிருந்தால்தான் பணம் என்ற நிபந்தனையும் உண்டு. ஏற்கனவே இப்படியொன்று வைத்திருந்து நோயும் வந்துவிட்டதென்றால், இன்னும் கிளெயிம் போட்டீர்களா என்று பாருங்கள். மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

யூடியூப்பில் '65 வயது வரம்பை நீக்கிவிட்டார்கள், பழைய நோய்க்கு மூன்று வருடம்தான் காத்திருப்பு' என்கிறார்களே?

அது இந்தியா. அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2024 இல் கொண்டுவந்த மாற்றங்கள் அவை: பழைய நோய்க்கான காத்திருப்பின் உச்சம் 36 மாதம், ஐந்து வருடம் தொடர்ந்து கட்டியபின் மோசடி தவிர்ந்த காரணத்தால் கிளெயிமை மறுக்கமுடியாது. நமக்கு அவை செல்லாது. கம்பனி மாறும்போது காத்திருப்புக் காலத்தைக் கொண்டுபோகும் உரிமையும் அப்படித்தான். இங்கே கம்பனி எழுத்தில் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சென்னையிலிருந்து பேசும் காணொளியைப் பார்த்துவிட்டு இங்குள்ள பழைய பொலிசியை விட்டுவிடாதீர்கள்.

அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே. காப்புறுதி எதற்கு?

நியாயமான கேள்வி. பெரிய நோய்க்குப் பெரிய வைத்தியம் எப்படியும் தேசிய வைத்தியசாலையிலும், புற்றுநோய் என்றால் மகரகம அபேக்ஷாவிலும்தான் நடக்கிறது. காப்புறுதி விலக்கிய நோயை அரச கிளினிக்கில் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் காப்புறுதியைப் பாவிப்பதே நோயுள்ள ஓய்வூதியருக்குப் பொருந்தும் ஒழுங்கு. சனலிங்கில் பார்க்கும் நிபுணரிடமே எந்த அரச வைத்தியசாலையில், எந்தக் கிழமை கிளினிக் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இடைவழியாக ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் அது தனியார் அல்ல.

இலவசம் என்பதற்குள்ளும் செலவு உண்டு. கையிருப்பில் இல்லாத மருந்து, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், போக்குவரத்து. இதற்குத்தான் அரச வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தரும் தினப்படி. உங்கள் பொலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. டயக்னோசிஸ் கார்டில் அனுமதித்த, வெளியேறிய திகதிகள் தெளிவாக இருந்தால் அதுவே போதுமான சான்று.

எந்தக் கம்பனியும் ஏற்கவில்லை. இனி?

வருடக் கட்டணமாகக் கட்டியிருக்கக்கூடிய பணத்தை மருத்துவத்துக்கென்று நிலையான வைப்பில் போடுங்கள். ஒரே பத்திரமாக 12 இலட்சம் போட்டால் 2 இலட்சம் தேவைப்படும் நாளில் முழுவதையும் உடைத்து வட்டியை இழப்பீர்கள். 3 இலட்சம் வீதம் நான்காகப் பிரித்து, மூன்று மாத இடைவெளியில் முதிரும்படி வையுங்கள். கூட்டுக் கணக்காக, இருவரில் எவரும் கையெழுத்திட்டு எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். ஐசியுவில் படுத்திருப்பவரின் கையெழுத்துக்காக வங்கிப் படியில் நிற்கும் நிலை வரக்கூடாது.

சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பியுங்கள். 2025 முதல் பிரதேச செயலகம் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். செய்து முடித்துவிட்டுப் பில்லோடு போகாமல், மதிப்பீட்டுக் கடிதத்தோடு முன்கூட்டியே போங்கள்.

கனடாவில் மகளிடம் போகிறோம். இங்குள்ள காப்புறுதி செல்லுமா?

பெரும்பாலும் இலங்கைக்குள் மட்டுமே. பெற்றோர் பிள்ளைகளிடம் நீண்டகாலம் தங்க கனடா தரும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனேடிய டொலர் காப்பும் ஒரு வருடச் செல்லுபடியும் தனியாக வேண்டும். நோயுள்ளவர் பார்க்கவேண்டிய சொல் 'நிலைத்தன்மைக் காலம்'. புறப்பட முன் 90 அல்லது 180 நாட்களுக்கு நோயில் மாற்றம் இருக்கக்கூடாது என்பார்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவது மாற்றம். சில பொலிசிகளில் குறைப்பதும் மாற்றம்தான். பயணத்துக்கு முன் 'ஒருக்கா டொக்டரைக் காட்டிவிட்டுப் போவோம்' என்று போய், மாத்திரையை மாற்றிக்கொண்டு விமானம் ஏறுவதால் காப்பு போய்விடுவதுண்டு. கிளினிக்கைப் பயணத் திகதிக்கு ஆறேழு மாதம் முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். டொக்டர் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றட்டும். பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கிளெயிமில் அதிகம் பிழைப்பது எது?

பெயர். தமிழ்ப் பெயர்களுக்கு இது தனிச் சோதனை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், ஆஸ்பத்திரிப் பில்லில் முதலெழுத்து மட்டும், மருந்துக்கடைப் பற்றுச்சீட்டில் காதில் விழுந்தபடி ஏதோ ஒன்று. அனுமதிக்கும்போது அடையாள அட்டையைக் கொடுத்து அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். மூலப் பற்றுச்சீட்டுகள், மருந்துத் துண்டு, அறிக்கைகள், வைத்தியர் நிரப்பிய கிளெயிம் படிவம் எல்லாவற்றையும் படமெடுத்த பின்னரே கொடுங்கள். பொலிசியில் சொன்ன நாட்களுக்குள் கொடுத்து, திகதி முத்திரையோடு ஏற்புச்சீட்டு வாங்குங்கள். இரண்டு காப்புறுதி இருந்தால் முதலாவது கம்பனியிடம் சான்றுப்படுத்திய பிரதியும் தீர்ப்பனவுக் கடிதமும் கேளுங்கள். மீதியை இரண்டாவதில் கோரலாம்.

மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

முதலில் மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்று இலக்கத்தோடு கேளுங்கள். தொலைபேசியில் 'வராதாம்' என்பது பதிலல்ல. அதன்பின் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு, வைத்தியரின் விளக்கக் கடிதத்தோடு. நோய் எப்போது தொடங்கியது என்பதுதான் பெரும்பாலும் சண்டை, ஆகவே அந்த ஒரு வரிதான் கடிதத்தில் முக்கியம். அதுவும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது. இரண்டு அலுவலகங்களும் கொழும்பில்தான். தமிழில் எழுதலாம். பொலிசி இலக்கம், மறுப்புக் கடிதத்தின் பிரதி, கம்பனிக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும் இணைக்கப்பட்டிருந்தால் திருப்பி அனுப்பாமல் எடுத்துப் பார்ப்பார்கள்.